மூன்று சதவீதக் கவசம்

நோயாளி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போனதும், எக்ஸ்ரே அக்கா ஈய அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, போனுக்குள் இன்னொரு கவசத்தை அணிகிறார். அவர் விளையாடும் கோட்டை விளையாட்டில் அவருக்கு இரண்டு கவசச் செட் உண்டு. அறுவடைச் செட் போட்டால் படை தானியத்தை வேகமாக அள்ளும், ஆனால் அடிக்கத் தெரியாது. சண்டைச் செட் போட்டால் தாக்குதலும் தற்காப்பும் அறுபது சதவீதம் ஏறும். ஒருமுறை மாற்ற மறந்து, அறுவடைச் செட்டோடு எதிரி மேல் பாய்ந்து மொத்தப் படையையும் காவு கொடுத்தார்.

"கல்யாணத்துக்குக் கிளம்புற அவசரத்துல வீட்டுச் செருப்போட போன கதைதான்," என்று இன்றும் தலையில் அடித்துக்கொள்வார்.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் அளக்கிறார். டாக்டர் புதுக் கண்ணாடி போட்டு வந்த அன்று, "பார்வை பத்து ஏறியிருக்கு, கோபம் ஒண்ணுகூட இறங்கல," என்றார். டாக்டருக்குப் புரியவில்லை, நர்சுகளுக்குப் புரிந்தது.

பதினொரு வருடத்துக்கு முன் இந்த விளையாட்டை ஆரம்பித்தவர்கள் அக்காவும் அவர் தம்பியும். சமையலறை மேசை, கண்ணாடி கீறிய இரண்டு போன்கள், ஒரே ஒரு சார்ஜர். அதற்கு நடந்த சண்டை விளையாட்டில் நடந்ததைவிடப் பெரிது. பக்கத்துப் பக்கத்தில் கோட்டை கட்டினார்கள். தம்பியின் முதல் தலைக்கவசத்துக்கு இவர் ஒரு வாரம் இரும்பு சேர்த்துக் கொடுத்தார். தற்காப்பு மூன்று சதவீதம் ஏறியது.

"மூணுதான்! அதுக்கு ரெண்டு பேரும் குதிச்ச குதியில, கீழ் வீட்டம்மா கரண்டியோட மேல வந்துட்டாங்க." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்து, வயது குறைந்துவிடுகிறது. அந்த மேசை நாட்களுக்காக ஏங்குகிறார். அதை மறைக்கவும் தெரியாது அவருக்கு.

தம்பி வேலைக்காக வேறு ஊர் போய்விட்டான். விளையாட்டைத் தொட்டு மூன்று வருடமாகிறது. ஞாயிறு தோறும் போன் வரும். சர்க்கரை அளவு, பிள்ளையின் பள்ளிக்கூடம், அத்தோடு சரி. ஒருநாள் அக்கா பேச்செடுத்தபோது, "இன்னுமாக்கா அதை விளையாடுற?" என்று சிரித்தான். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் கோட்டை நிற்கிறதே. ஆளில்லாத கோட்டையின் மதிலை யாராவது இடித்துத் தள்ளினால், விளையாட்டு அதை வரைபடத்தின் ஏதோ ஒரு மூலைக்குத் தூக்கி எறிந்துவிடும். அப்புறம் பக்கத்து வீடு இல்லை. அதனால் தன் படையில் பாதியை அவன் கோட்டைக்குள் காவல் வைத்திருக்கிறார். சங்கடம் என்னவென்றால், யார் கோட்டையோ அவர் கவசம்தான் அங்கே செல்லும். இவருடைய அறுபது, அந்த முதல் தலைக்கவசத்தைக் கடைசிவரை மாற்றாத தம்பியின் மதிலுக்குள் நுழைந்ததும் மூன்றாகிவிடும்.

விளையாட்டில் அவருடைய கூட்டணித் தலைவர் ஒரு லாரி டிரைவர். நேரில் பார்த்ததில்லை, குரல் பழக்கம் மட்டும். "அக்கா, உங்க ஆளுங்க அங்க சும்மா சாகுறாங்க. விழலுக்கு இறைச்ச தண்ணி. திருப்பிக் கூப்பிடுங்க."

"தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்ல, டிரைவரே."

போன வாரம், மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம், தம்பியின் கோட்டையை நோக்கி மூன்று படைகள் கிளம்பின. படையைத் திரும்ப அழைக்க இரண்டு நிமிடம் இருந்தது. அழைக்கவில்லை. நாற்பதாயிரம் வீரர்கள் மடிந்தார்கள், மதில் விழுந்தது. தம்பியின் கோட்டை, சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லாத வடகிழக்கு மூலையில் போய் விழுந்தது.

"போனது போகட்டும்க்கா," என்றது டிரைவரின் குரல். "நீங்க நடுவுல இருங்க, சுத்தி நாங்க நிக்கிறோம்."

அக்கா இரண்டு வருடமாகப் பத்திரப்படுத்திய ஒரே இடமாற்றச் சீட்டை எடுத்தார். வரைபடத்தை மெல்ல நகர்த்தி, தம்பியின் மதிலை ஒட்டிய வெற்றிடத்தைத் தேடிப் பிடித்துத் தன் கோட்டையை அங்கே வைத்தார். பிறகு மிஞ்சியிருந்த படையில் பாதியைப் பிரித்து, அவன் வாசலுக்குள் அனுப்பினார்.