ஹம்ப் வந்தால் இறங்க வேண்டிய கார்

என் கணவரின் காரில் போகிறவர்களுக்கு ஒரு வேலை உண்டு. வேகத்தடை வந்தால் இறங்க வேண்டும். திருவனந்தபுரத்தில் நாங்கள் அதை ஹம்ப் என்போம். அது இல்லாத தெருவை நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கிய பழைய ஜப்பான் கார். டர்போ வைத்து, சைலன்சரை மாற்றி, ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தரையாகத் தாழ்த்தியிருந்தார். பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் இன்னும் தாழும், அடிவயிறு ஹம்பில் உரசும். ஆகவே நான் இறங்கி நடந்துபோய், மறுபக்கம் வந்து நிற்கும் காரில் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும்.

ஏழாம் மாதத்திலும் இதையே செய்தேன். ஆஸ்பத்திரி வழியில் ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர், கார் பழுதாகிவிட்டது என்று நினைத்து, "சேச்சி, வண்டி கேடாயோ?" என்று கேட்டார்.

"வண்டிக்கு ஒந்நும் இல்ல சேட்டா. எனிக்காணு வெயிட் கூடியது" என்றேன், எடை கூடியது எனக்குத்தான் என்று வயிற்றைக் காட்டி.

உள்ளே இருந்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. காரின் வயிற்றுக்குக் காட்டுகிற கரிசனத்தில் பாதியை என் வயிற்றுக்குக் காட்டினால் என்ன என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். பிரசவத்துக்குள் அதை விற்று, உயரமான கார் ஒன்று வாங்குவதாகச் சத்தியம் செய்தார்.

விளம்பரம் போட்டதும் ஆட்கள் வந்தார்கள். அவரோ மாப்பிள்ளை பார்க்கிற அப்பாவாக மாறிவிட்டார். ஒருவன் கதவை அறைந்து சாத்தினான், போச்சு. இன்னொருவன் எஞ்சின் சூடாகும் முன்பே ஆக்சிலேட்டரை மிதித்தான், போச்சு. மூன்றாமவன் மைலேஜ் கேட்டான். "மைலேஜ் பாக்கிறவன் ஸ்கூட்டர் வாங்கணும்" என்று அவனை வாசலோடு அனுப்பினார். வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம்.

கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் கணினி வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தாள். எஞ்சின் சூடாகும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். ஓட்டிப் பார்க்கப் போனபோது, தெருக்கோடி ஹம்புக்கு முன்னால் காரை நிறுத்தி, "சேட்டா, ஒந்நு இறங்ஙாமோ?" என்றாளாம். என் கணவர் இறங்கி நடப்பதை கேட்டில் நின்று கண்குளிரப் பார்த்தேன். அவளிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் "ஆலோசிச்சு பறயாம்" என்று அனுப்பிவிட்டார். அந்த ஆலோசனை முடிகிற வழியாக இல்லை. என் வயிறோ யாருடைய ஆலோசனைக்கும் காத்திருக்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் போணி நினைவுக்கு வந்தது. சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் எங்களுக்கு இரும்புக்கடை. காலையில் கடை திறந்ததும் வரும் முதல் ஆளை என் மாமனார் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். கேட்டது இல்லாவிட்டால் நான்கு ஆணியையாவது தலையில் கட்டிவிடுவார். போணி முறிந்தால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. என் கணவருக்கும் அதே நம்பிக்கைதான். டர்போ வைத்ததால் அது போய்விடவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்து, கடை திறக்கும் நேரத்துக்கு வரச் சொன்னேன். நானும் ஏதோ சாக்குச் சொல்லி அன்று அவரோடு கடைக்குப் போயிருந்தேன்.

சாம்பிராணிப் புகை அடங்கும் முன்பே அவள் வந்துவிட்டாள்.

"வா மோளே, என்ன வேணும்?" என்றார் மாமா.

"கார் வேணம் அங்கிள்."

மாமா மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார். நான் மேலே தொங்கிய கயிற்றுக் கட்டுகளைப் பார்த்தேன்.

"நல்ல பூட்டு வந்நிட்டுண்டு. ஒந்நு காணிக்கட்டே?" என்றார் என் கணவர், கடைசி முயற்சியாக.

"பூட்டு வேண்டா சேட்டா. கார் மதி." கார் போதுமாம்.

"நான் கொஞ்சம் யோசிச்சு..." என்று அவர் ஆரம்பிக்கும் முன்பே மாமா எழுந்துவிட்டார். "என்னலே யோசன? போணிக்கு வந்த பிள்ளையை வெறுங்கையோட அனுப்பப் பிடாது. குடுக்கேன்னு சொல்லு."

சொன்னார். அவள் நீட்டிய அட்வான்ஸை மாமா கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார்.

காகிதமெல்லாம் மாற்றி, அவள் காரை எடுத்துப்போன அன்று இவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருக்கோடி ஹம்பை அது உரசாமல் கடந்தது. சத்தம் மெயின் ரோட்டில் கலந்து மறைந்த பிறகும் அவர் அசையவில்லை. "பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு, உள்ள வாங்க" என்றேன். சிரிக்கவில்லை.

புதுக் கார் நல்ல உயரம். அதில் முதல்முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஸ்டாண்டுக்கு எதிரே ஹம்ப் வந்தது. அவர் நிறுத்தினார். நான் கதவைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்து, மறுபக்கம் போய் நின்றேன். நின்ற பிறகுதான் உறைத்தது. அவரும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "புதிய வண்டியும் கேடாயோ?"

என் கணவர் கண்ணாடியை இறக்கினார். "வண்டிக்கு ஒந்நும் இல்ல சேட்டா. கேடு எனிக்காணு."

எவ்வளவோ கிண்டல் செய்திருக்கலாம். ஆனால் திரும்பி நடந்துபோய் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.