நூறு பேருக்கான கிடாரம்

அந்தோனியார் திருநாளுக்குத் தம்பி எதை அடுப்பில் ஏற்றுவான் என்று வெரோனிக்காவுக்குத் தெரியும். ஜெர்மனியின் மேற்கே ஹம் நகரிலிருந்து கார் ஓட்டி வந்தவள், கோயில் முற்றத்தில் அந்தப் பெரிய கிடாரத்தையே கண்டாள்.

வைசன்றொய்த், பவேரியாவின் வடக்கு மூலையில் ஒரு பீங்கான் ஊர். தம்பி ஜேசுரட்ணம் அகதியாக வந்தபோது பீங்கான் தொழிற்சாலை இரவு பகலாக ஓடியது. சூளையில் கூலியாளாகச் சேர்ந்தவன், பிறகு சூளைக்கே பொறுப்பாளன் ஆனான். எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் வெரோனிக்கா தட்டைக் கவிழ்த்து முத்திரையைப் பார்ப்பாள். அந்த ஊர்த் தட்டென்றால், "என்ரை தம்பி சுட்டது" என்று மேசை முழுவதற்கும் சொல்வாள்.

வேலை இருந்ததால் தமிழ்க் குடும்பங்கள் அங்கேயே தங்கின. திருநாளன்று அவன் நூறு பேருக்குப் புக்கை பொங்குவான்; பிந்தி வந்தவருக்குக் கிடாரத்தின் அடிப்பிடித்ததுதான் மிஞ்சும்.

பிறகு தொழிற்சாலையைப் பூட்டினார்கள். பிள்ளைகள் மியூனிக்குக்கும் டோர்ட்மண்டுக்கும் போனார்கள். பின்னாலேயே பெற்றோரும் போனார்கள். வெதுப்பகம் மூடியது. பள்ளிக்கூடம் மூடியது. பஸ் நின்றது. "கோயில் பூட்டுமட்டும் வரமாட்டன் அக்கா" என்று ஜேசுரட்ணம் மட்டும் இருந்துவிட்டான். இந்தத் திருநாளோடு கோயிலையும் மூடுகிறார்கள். அவனைத் தன்னோடு ஹம்முக்குக் கூட்டிப்போகத்தான் அவள் வந்திருந்தாள்.

பூசைக்கு வந்தவர்கள் முன்வரிசை வாங்கிலேயே அடங்கினார்கள். சூளையில் அவனோடு வேலை செய்த ஞானப்பிரகாசம் கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, மிச்சம் ஆருக்கு? அந்தோனியாருக்கோ?"

"சின்னச் சட்டியிலை எனக்குப் பதம் வராது அண்ணை."

"அப்ப அந்தோனியார் அங்கியின்ரை இடுப்புக் கயித்தைத் தளர்த்தத்தான் வேணும்."

ஒருவர் சிரித்தார். வெரோனிக்கா மிச்சப் புக்கையைப் பெட்டிகளில் விளிம்பு மட்டத்துக்கு அள்ளி, அழுத்தி மூடி, ஆளுக்கு இரண்டாகக் கொடுத்து அனுப்பினாள். குருவானவர் கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். ஜேசுரட்ணம் திரும்பிப் பார்க்கவில்லை. கிடாரத்தைக் கழுவிப் படியில் கவிழ்த்து வைத்தான்.

"வெளிக்கிடு" என்றாள் வெரோனிக்கா.

"இது காயட்டும். வாறன்."

தூறிக்கொண்டிருந்தது. அவள் காரிலிருந்து துவாயை எடுத்து வந்தாள். கிடாரத்தை நிமிர்த்தி, உள்ளும் புறமும், விளிம்பின் மடிப்பு வரைக்கும் துடைத்தாள். பிறகு அவனுடைய கையைப் பிடித்து உள்ளே வைத்தாள்.

"காய்ஞ்சிட்டுதோ?"

அவன் தடவிப் பார்த்தான்.

"ஓம்."

அவள் போய்க் காரின் பின்னிருக்கையை மடித்துவிட்டு வந்து, கிடாரத்தின் ஒரு காதைப் பிடித்தாள். அவன் மற்றக் காதைப் பிடித்தான்.