குழாயடி ஹிந்தி

நான் ஊரில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். கடிதம் தவிர எதுவும் எழுதிப் பழக்கமில்லை. அதிலும் "நலம், நலமறிய ஆவல்" என்பதைத் தாண்டினால் கை நின்றுவிடும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள் நாலு பேர் படிப்பதற்காக எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு படுக்கை விரிப்பின் மூலையை நினைத்தால் எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் ஆத்திரம் வருகிறது. அதை யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

அந்த மூலையை மடித்தவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரருடைய தங்கை. தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. அதில் பாதியை ஓர் இரும்புக் கட்டில் அடைத்துக்கொண்டிருக்கும். ஏதோ ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்டதை மாமனார் பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி வந்தது. தோல் கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர் என்பதால் கட்டில் அவருக்கு, மற்றவர்களுக்குத் தரை. காலையில் அவர் எழுந்ததும் நாத்தனார் விரிப்பை உதறிப் போடுவாள். தொங்குகிற ஓரத்தை முக்கோணமாகத் தூக்கி மேலே வைப்பாள். கீழே தொங்குவதை உள்ளே செருகுவாள். பிறகு அந்த முக்கோணத்தை இறக்கி, கடித உறையின் மூடியை ஒட்டுவது போல ஒட்டி, அதையும் செருகுவாள். நான்கு மூலையும் கத்தியால் வெட்டியது போல நிற்கும்.

"ஏட்டி, இது நான் படுக்கதுக்கா, இல்ல என்னைய நீட்டி வச்சு மாலை போடுததுக்கா?" என்பார் மாமனார்.

"சுருக்கம் இருந்தா முதுகு புண்ணாயிரும்பா. ஆஸ்பத்திரியில இப்பிடித்தான் விரிப்பாவ."

"எம் முதுகு கோரம்பாயில வளந்தது. அதுக்கு இதெல்லாம் தெரியாது."

இப்படி விரிப்பதை நர்சுகளைப் பார்த்து அவள் கற்றுக்கொண்டது என் முதல் பிரசவத்தின்போது. எனக்கு ஜன்னி மாதிரி கண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்தேன். துணைக்கு அவள்தான் இருந்தாள். பக்கத்துப் படுக்கைகளில் தமிழ்ப் பெண்கள் நிறைய. "நெஞ்சு கரிக்குது", "கை கால் கடுக்குது" என்று அவர்கள் சொல்வது நர்சுகளுக்குப் புரியாது. இவள் ஓடிப்போய் ஹிந்தியில் சொல்வாள். நாலைந்து நாளில் நர்சுகளே இவளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடக்கும்போதெல்லாம் வார்டின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு அவள் குரல் போய் வந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வந்த அன்றைக்கே, "மதினி, நான் நர்சாகப் போறேன்" என்றாள். ஏதோ ஆசையில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அப்போது அறுபதுகளின் நடுப்பகுதி. அவள் மாதுங்காவில் ஒரு காலேஜில் சயன்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் சந்தில் அவ்வளவு படித்த பெண் வேறு கிடையாது. பல்கலைக்கழகத்தில் நர்சிங்குக்கென்றே பட்டப் படிப்பு இருக்கிறது என்று விசாரித்து வந்தாள். இடமோ கொஞ்சம், மாநிலம் முழுக்க இருந்து பெண்கள் போட்டி போடுவார்கள். நர்சு வேலை என்றால் எங்கள் பக்கத்தில் அப்போது முகம் சுளிப்பார்கள். ஆனால் பட்டம் என்ற சொல்லில் மாமனாருக்கு ஒரு மயக்கம். ஆண்டாப் ஹில்லில் தூரத்து உறவில் ஒரு பையன் வீட்டார் இவளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"சீட்டு கெடச்சா படி. அவியகிட்ட இல்லைன்னு சொல்லிருதேன். கெடைக்கலைன்னா தை மாசம் கல்யாணம். அப்பம் அழுவக் கூடாது," என்றார்.

"அழ மாட்டேன்பா," என்றாள். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். பாக்கி நேர்முகம். அதற்கு வீட்டில் ஒத்திகை நடந்தது. நான்தான் கேள்வி கேட்கிற பெரிய மேடம். கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார வேண்டும். மாமனார் வீட்டில் இருக்கும்போது அது நடக்காது, அவர் வேலைக்குப் போனபின்தான். "வொய் டூ யூ வாண்ட் டு பி எ நர்ஸ்?" என்று கேட்க எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு அது "வண்டு" என்றே வரும். "மதினி, வண்டு இல்ல, வாண்ட். வண்டுன்னா நான் பூவாயிருவேன்" என்று சிரித்துச் சிரித்துப் பதிலை மறந்துவிடுவாள். மறுபடி முதலிலிருந்து. இங்கிலீஷ் பதில்கள் எல்லாம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டன, அர்த்தம் தெரியாமல்.

"ஹிந்தியில கேட்டா என்ன செய்வே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேக்கட்டும். ஹிந்தி நமக்குத் தண்ணி பட்ட பாடுல்லா!"

உண்மையிலேயே தண்ணீர் பட்ட பாடுதான். அவள் ஹிந்தி கற்றது தெருக் குழாயில். எங்கள் சந்தும் பக்கத்துச் சந்துகளும் அந்த ஒரு குழாயை நம்பி இருந்தன. பல ஊர்ப் பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். சண்டையில் "தூ" என்பார்கள். சமாதானத்தில், மதித்துப் பேசும்போது, "தும்" என்பார்கள். அதனால் தூ என்றால் நீ, தும் என்றால் நீங்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எங்கள் சந்தில் எல்லோரும் அப்படித்தான்.

நேர்முகத்துக்கு நானும் கூடப் போனேன். காத்திருந்த பெண்களில் வெள்ளைச் சேலையில் சிலர், கவுன் போட்டவர்கள் சிலர், அப்பாமாரோடு காரில் வந்தவர்கள் சிலர். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். அரைக் கதவு, உள்ளே பேசுவது விட்டுவிட்டுக் கேட்கும். எனக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் ஒரு வரி மட்டும் குழாயடியில் கேட்டுப் பழகியது: "தும் ஃபிக்கர் மத் கரோ, மேடம்!" நீங்கள் கவலைப்படாதீர்கள் மேடம் என்று சொல்கிறாள். எவ்வளவு தைரியம், எவ்வளவு பணிவு என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரென்றே தெரியாத பக்கத்துப் பெண்மணியைப் பார்த்துச் சிரித்தேன்.

வெளியே வந்தவள் முகம் மலர்ந்திருந்தது. "இங்கிலீஷ்ல கொஞ்சம் தடுக்கிச்சு மதினி. ஹிந்தியில வெளுத்து வாங்கிட்டேன். தாராவியில இருந்து எப்பிடி வருவே, ராத்திரி டூட்டி எப்பிடிப் பாப்பேன்னு அந்தப் பெரியம்மா கேட்டாவ. பாவம், நல்ல மனுசி." வழியில் மாதுங்காவில் இறங்கி எனக்குப் பூ வாங்கிக் கொடுத்தாள்.

சில வாரங்களில் ஒரு கார்டு வந்தது. தேர்ந்தெடுக்க இயலவில்லை என்று ஒரே வரி. காரணம் கிடையாது. அவள் இரண்டு தடவை படித்துவிட்டு மாமனாரிடம் கொடுத்தாள். அழவில்லை, சொன்ன சொல். ஆனால் அவளோடு படித்த மாதுங்காப் பெண் ஒருத்தி, இவளைவிட மார்க் குறைந்தவள், சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. "ஏன்னு மட்டும் கேட்டுட்டு வந்துருதேன்பா. அதுக்குப் பெறகு நீங்க சொல்லுத மாதிரி," என்றாள்.

கேட்பது அவ்வளவு சுலபமாக இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கிளார்க். பட்டியல் போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்றார். மறுபடி போனோம், மேடம் லீவு. இன்னொரு நாள் போனோம்; சாப்பாட்டு நேரம் என்று எங்கள் முகத்துக்கு எதிரிலேயே ஜன்னலைச் சாத்தினார்கள். திறக்கும்வரை நின்றோம். திறந்ததும் அதே பதில். பிள்ளை இடுப்பில் கனக்கும். அவளுக்காக என்னால் ஒரு வார்த்தை பேச முடியாது. சாத்திய அந்த ஜன்னல் பலகையை ஓங்கி அறைய வேண்டும் போலிருக்கும். அறைகிறவளா நான்? பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன்.

கடைசியில் வராந்தாவில் போன ஒரு கேரளத்து சிஸ்டர் இவளை அடையாளம் கண்டு நின்றார். நேர்முகத்தில் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவராம். சுற்றிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் தமிழும் மலையாளமுமாகப் பேசினார்.

"மோளே, நீ நல்ல குட்டி. பக்ஷே பெரிய மேடத்தெ நீ 'தும், தும்'னு விளிச்சு. கேட்டதுக்கெல்லாம் தும். மரியாதை இல்லாத பொண்ணு, நோயாளிகிட்ட எப்படி நடக்கும்னு மேடம் சொல்லிட்டாங்க."

"தும்னா நீங்கதானே சிஸ்டர்?"

"அல்ல மோளே. தும்னா நீ. பெரியவங்களெ 'ஆப்'னு சொல்லணும்."

"ஆப்பா?" நாத்தனார் என்னைப் பார்த்தாள். "அது சினிமால காதலிக்கிறவங்க கொஞ்சிக்கிறதுல்லா?"

சிஸ்டர் சிரித்துவிட்டார். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "அடுத்த வருஷம் வா. ஆப்னு சொல்லு. கிட்டும்," என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் நாத்தனார் முதலில் சிரித்தாள். "அப்பம் 'நீ கவலைப்படாதே'ன்னால்லா சொல்லிருக்கேன் மதினி, அந்தப் பெரிய மனுசிகிட்ட!" கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாராவி வரும்வரை திரும்பவில்லை.

யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. நாத்தனார் என்னைவிட மூன்றே வயது சின்னவள், என்னை ஒருநாளும் நீங்க என்று தவிர வேறு மாதிரி சொன்னதில்லை. பால்காரர், குப்பை அள்ளுகிறவர், எல்லோரும் அவளுக்கு "வாங்க, போங்க"தான். அப்படிப்பட்டவளை மரியாதை தெரியாதவள் என்று ஒரு தாளில் எழுதியாகிவிட்டது. நாலு வருஷம் வைத்து ஊசி போடவும் ரணத்தைத் துடைக்கவும் சொல்லிக் கொடுக்கிற இடம் அது. "அப்படி இல்லையம்மா, இப்படிச் சொல்" என்று ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இதுதான் எனக்கு ஆறவில்லை. மேடம் கெட்டவராக இருந்திருந்தால்கூட மனது ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அவர் எல்லோரையும் போல ஒரு பெரிய மனுஷி, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் வா என்றாரே, அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். காரணம் தெரிந்தால் மாமனார் இளகுவார் என்று நான்கூட நம்பினேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டவர், அப்படியே நின்றார்.

"எம் பிள்ளைக்கா மரியாதை தெரியாது?"

"ஒரு சொல்லுதாம்பா. அடுத்த வருசம் சரியாச் சொல்லிருவேன்."

"ஒரு சொல்லுதான். அதுக்காவத்தான் வேண்டாங்கேன். எம் பிள்ளைய அப்பிடிச் சொன்ன வாசல்ல நீ இன்னொரு மட்டம் போய் நிக்கக் கூடாது." கழற்றின சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு ஆண்டாப் ஹில்லுக்கு நடந்து போனார். அவர் கோபம் மகளுக்காகத்தான். அந்தக் கோபம்தான் அவள் கதவையும் சாத்தியது. இதை எண்ணி எண்ணி எனக்குத் தலை வலித்திருக்கிறது.

அன்று சாயங்காலம் குழாயில் ஒருத்தி குடத்தை இடையில் நுழைத்தாள். வழக்கமாக நாத்தனார் வாய்க்கு அஞ்சி யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். இவள் கைகூப்பி, "ஆப் ஹடியே," என்றாள். ஆப் நகருங்கள். குழாயடியே கொல்லென்று சிரித்தது. "நவாப் வூட்டுப் பொண்ணு வந்துட்டாடீ!" என்றாள் ஒருத்தி. இவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஹிந்தியில் யாரிடம் பேசினாலும் ஆப்தான். மீன்காரியும் ஆப், கூலிக்காரனும் ஆப், கொடுத்த கடனைக் கேட்டு வந்த வட்டிக்காரப் பட்டாணியனும் ஆப்.

அவள் இப்போது கோவண்டியில் இருக்கிறாள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். புருஷன் நல்லவர், அதில் குறையில்லை. போன மாதம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேரியரில் கஞ்சியோடு வந்தாள். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டிலைப் பார்த்தாள். கால்மாட்டில் விரிப்பு வெளியே வந்திருந்தது. கேரியரைக் கீழே வைத்துவிட்டு, முக்கோணமாகத் தூக்கி, செருகி, இறக்கி, மறுபடி செருகினாள். வார்டில் வேலை செய்கிற பையன் ஒருவன் வந்து, தும் அதையெல்லாம் தொடாதே, அங்கே போய் உட்கார் என்று அதட்டினான். அவள் மகனைவிடச் சின்னவன். இவள் நிமிர்ந்து, "ஆப் ஃபிக்கர் மத் கீஜியே," என்றாள். ஒரு பிழை இல்லை. அவன் ஒன்றும் புரியாமல் போய்விட்டான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள், குடித்தேன்.

மாமனார் ஆண்டாப் ஹில்லுக்கு நடந்து போய்வந்ததற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பையன் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். உட்கார வேறு இடம் இல்லாததால் அவள் காலையில் விரித்திருந்த கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். காப்பி குடித்தார்கள். பிடித்திருக்கிறது என்றார்கள். அவர்கள் எழுந்து போனபோது விரிப்பின் நான்கு மூலையும் வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது.