அகராதி எடுத்த துணைப்பாடம்

என் மனைவியின் தங்கையை எங்கள் வீட்டில் அகராதி என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் யார் எது சொன்னாலும் எதிர்த்துப் பேசுவாளாம். "அகராதி பிடிச்ச கழுதை" என்று அக்காக்காரி வைத்த பெயரில் கழுதை மட்டும் நாளடைவில் உதிர்ந்துபோயிற்று.

கல்லூரியில் அவள் சேர்ந்தது கணினி அறிவியல். கூடவே ஒரு துணைப்பாடமும் எடுத்தாக வேண்டும். புகைப்படக் கலை எடுக்க அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் பதிவு தொடங்கிய அன்று அம்மணி தலைக்குக் குளித்து, முடியைக் காயவைத்து, எந்தத் துப்பட்டா என்று முடிவு செய்து கிளம்பிப் போவதற்குள் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. மண் பரிசோதனையும் பயன்பாட்டு மொழியியலும்தான் மிச்சம். கையில் மண் ஒட்டாதே என்று மொழியியலில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அப்படின்னா என்னடி?" என்று அத்தை கேட்டார்.

"ஜனங்க எப்படிப் பேசறாங்க, அதுல எங்க சிக்கல் வருது, அதை எப்படிச் சரி பண்றது... அதெல்லாம் படிக்கறதும்மா."

"பேசறதுக்கா படிப்பு? அதுல நீ ஏற்கெனவே டாக்டர் பட்டம் வாங்கினவளாச்சே" என்றார் மாமனார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் தனியாக வேலை பார்ப்பவர். வீட்டுக்கு வந்தால் அவருக்குப் பேச இடமே கிடைக்காது. அன்று ஏதோ கிடைத்த சந்தில் நுழைந்துவிட்டார்.

படிப்பு ஆரம்பித்த புதிதில் அவளோடு ஒரே மேசையில் சாப்பிடுவது பெரிய தண்டனை. யார் வாயைத் திறந்தாலும் ஆராய்ச்சிதான். ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"ஜன்னல் திறந்து கிடக்கே" என்றாள் என் மனைவி.

அகராதி ஸ்பூனைக் கீழே வைத்தாள். "பாத்தீங்களா மாமா, அக்கா இப்ப சொன்னது வெறும் தகவல் மாதிரி இருக்கு. உண்மையில அது ஒரு வேண்டுகோள். ஜன்னலை மூடுன்னு அர்த்தம்."

"அர்த்தம் புரிஞ்சுதா?" என்றாள் அக்கா.

"நல்லாப் புரிஞ்சுது."

"அப்புறம் ஏண்டி இன்னும் உக்காந்திருக்க? எழுந்து போய் மூடு!"

அதற்குள் மழை உள்ளே வந்து அத்தை தைத்து வைத்திருந்த திரைச்சீலைகளில் பாதியை நனைத்துவிட்டது. எங்கள் குடும்பத்துக்கு மொழியியல் செய்த முதல் சேவை அது.

இரண்டாம் ஆண்டில் அவர்களுக்கு ஒரு செய்முறை வேலை கொடுத்தார்கள். பேச்சினாலோ எழுத்தினாலோ நிஜமாகவே சங்கடம் வருகிற ஓர் இடத்துக்குப் போய், கவனித்து, எதையாவது மாற்றிப் பார்க்க வேண்டும். என்ன ஆனது என்று பிறகு எழுதித் தர வேண்டும். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவன். "எங்க லேப்ல வந்து பாரு, சங்கடத்துக்குப் பஞ்சமே இல்ல" என்று நானேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

எங்கள் சங்கடம் இதுதான். சர்க்கரைப் பரிசோதனைக்கு எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும். முதல் நாளே வந்து நேரம் குறித்துக்கொண்டு போகிறவர்களிடம் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் சொல்லித்தான் அனுப்புவாள். சுவரில் 'வெறும் வயிற்றில் வரவும்' என்று எழுதியும் இருக்கிறது. ஆனாலும் தினமும் யாராவது வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் வருவார்கள்.

அகராதி வந்த முதல் நாளே ஒருவர் மாட்டினார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"சாப்பிட்டீங்களாய்யா?" என்றேன்.

"இல்லப்பா."

கையில் பட்டையைக் கட்டி நரம்பைத் தடவிக்கொண்டிருக்கும்போது, பயத்தை மறைக்கப் பேச்சுக் கொடுத்தார். "காலையில நல்ல குளிர். நடந்து முடிச்சு ஒரு டீயும் ரெண்டு பன்னும் உள்ள போனதும்தான் உடம்பு சூடாச்சு."

பட்டையை அவிழ்த்தேன். "சாப்பிடலைன்னு சொன்னீங்களே!"

"ஆமா, சாப்பிடலையே. வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடணும்."

மூலையில் உட்கார்ந்திருந்த அகராதிக்கு முகமெல்லாம் பிரகாசம். அவர் முனகிக்கொண்டே போனதும் என்னிடம் ஓடி வந்தாள். "அவர் பொய் சொல்லல மாமா. தட்டு போட்டு உக்காந்தாதான் அவருக்குச் சாப்பாடு. டீயும் பன்னும் கணக்குலயே வராது. நம்ம வீட்டுல மட்டும் என்ன? வாழைப்பழம், பிஸ்கட் எல்லாம் முடிச்சுட்டு 'இன்னும் ஒண்ணுமே சாப்பிடலை'ன்னு அக்கா சொல்லல?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. (மனைவியிடம் மட்டும் இந்த உதாரணத்தைச் சொல்லவில்லை.)

லேப் நடத்தும் அம்மாவிடம் அனுமதி வாங்கி, அடுத்த வாரமே ஒரு பெரிய பலகை எழுதி மாட்டினாள். டீ கூடாது, காபி கூடாது, பால் கூடாது, பன், பிஸ்கட், பழம், பழச்சாறு, மிட்டாய், எந்தப் பானமும் கூடாது. வண்ண வண்ணமாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குட்டிப் படம். நேரம் குறிக்க வந்தவர்கள் மளிகைக் கடையில் நிற்பதுபோல் நின்று படித்தார்கள். மறுநாள் ஒருவர் வேர்க்கடலை மென்றபடியே வந்து, "பலகையில இது இல்லையே" என்றார்.

அது சிரிப்போடு போயிற்று. அடுத்தது அப்படிப் போகவில்லை. பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததுமே முகம் வெளுத்திருந்தது. நரம்பு அகப்படவே இல்லை. எழுந்து நிற்கப் பார்த்தவர் அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டார். படுக்கவைத்துக் காலைத் தூக்கிவிட்டோம். சற்றுத் தெளிந்ததும், "தண்ணிகூடக் குடிக்கலைப்பா. எந்தப் பானமும் கூடாதுன்னு போட்டிருந்துச்சே. ராத்திரியிலேருந்து நாக்கை அடக்கிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

தண்ணீர் குடிக்கலாம். குடித்தால்தான் நரம்பும் நன்றாகத் தெரியும். டீ, காபியை மட்டும் மனதில் வைத்துத்தான் 'பானம்' என்று எழுதியிருந்தாள் அகராதி.

அந்த அம்மாவுக்கு அவள்தான் விசிறிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து ஆள் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை. பிறகு பஞ்சு, ஊசிப் பெட்டிகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போனபோது மூக்கு சிவந்திருந்தது.

"அவங்க ஒருத்தர்தான் நான் எழுதினதை ஒரு எழுத்து விடாமப் படிச்சிருக்காங்க மாமா. அவங்களைப் போய் மயக்கம் போட வெச்சுட்டேன்."

"இப்ப நல்லா இருக்காங்க. உன்னை என்ன, தூக்குலயா போடப் போறாங்க?"

"ஆறுதல் சொல்றீங்களா, கிண்டல் பண்றீங்களா?"

"நீதானே அதெல்லாம் படிக்கறவ. கண்டுபிடி."

அழுகையோடு சிரித்துவிட்டாள். வெளியே வந்ததும் முதல் வேலையாகப் பலகையைக் கழற்றினாள். மேற்கொண்டு எதையும் எழுதி மாட்டுகிற உத்தேசம் அவளுக்கு இல்லை. ஒரு வாரம் வரவேற்பு மேசைக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நம்பமாட்டீர்கள், நானே இரண்டு தடவை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். நேரம் குறிக்க வந்தவர்கள் என்ன கேட்டார்கள், சொன்னதில் எதைத் திருப்பிச் சொன்னார்கள், எதை விட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் அவள் மாற்றியது இரண்டே வாக்கியம். முதல் நாள் சொல்லி அனுப்ப, "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வாயில தண்ணி மட்டும்தான் படலாம், தண்ணி நல்லாக் குடிங்க." மறுநாள் காலையில், சாப்பிட்டீங்களா என்பதற்குப் பதிலாக, "எழுந்ததுலேருந்து வாயில என்னென்ன போட்டீங்க?"

வரவேற்புப் பெண் முகத்தைச் சுளித்தாள். "குழந்தையைக் கேக்கற மாதிரி இருக்கு."

"ஏதோ போட்டிருப்பாங்கன்னு நம்மளே நெனச்சுக் கேட்டா, சொல்றதுக்குக் கூச்சம் இருக்காதுக்கா. கேட்டுத்தான் பாருங்களேன்."

முதலில் வந்தவர் கஞ்சி போட்ட சட்டைக்காரர், நிமிர்ந்த நடை. அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் முறைத்தார்.

"பல்செட் போட்டேன். கழட்டிக் காட்டணுமா?"

லேப் முழுக்கச் சிரித்தது. அகராதி குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் அடுத்து வந்த பெண்மணி யோசித்து, "ஒரு இருமல் மிட்டாய்... அதுவும் சேத்தியா?" என்றார். அதற்கடுத்தவர், மனைவிக்குத் தெரியாமல் சமையலறையில் குடித்த அரை டம்ளர் காபியை மனைவியின் எதிரிலேயே ஒப்புக்கொண்டார். அவருக்கு வீட்டில் என்ன நடந்ததோ தெரியாது. எங்களுக்கு நல்லதாயிற்று. ஊசி போட்ட பிறகு உண்மை வெளியே வருவது மெல்ல மெல்லக் குறைந்தது. அந்த இரண்டு வாக்கியமும் லேப்பில் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன.

தங்கப் பதக்கமே வரும் என்ற நினைப்பில் எழுதிக் கொடுத்தாள். சுமாரான மதிப்பெண்தான் வந்தது. "ஜெயிச்ச கதையை நீட்டி முழக்கியிருக்கே. அந்தம்மா மயங்கி விழுந்ததை ஒரே வரியில முடிச்சுட்டே. நான் படிக்க நெனச்சது அதைத்தான்" என்றாராம் பேராசிரியை. வீட்டில் மூன்று நாள் அந்த அம்மையாரைத் திட்டித் தீர்த்தாள். நான்காம் நாள் பூக்கடைக்குப் போய், அந்த அம்மாவிடம் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டுவிட்டு வந்தாள். திருத்தி எழுதிக் கொடுத்ததற்கு மதிப்பெண் ஒன்றும் கூடவில்லை. பேராசிரியை மட்டும் அதை அடுத்த வகுப்புக்குப் படித்துக் காட்டியதாகக் கேள்வி.

படித்து முடித்து, ரயில் டிக்கெட் இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். புரோகிராம் எழுதத்தான் எடுத்தார்கள். திரையில் இயந்திரம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் இவள் வாதாடியதில் சலித்துப்போய், அந்த வேலையை இவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அதில் அவளுக்குப் பரம திருப்தி.

போன மாதம் நானும் அவளும் ரயிலுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் இயந்திரத்தை ஓங்கித் தட்டி, "எந்த முட்டாள் எழுதினான் இதை?" என்று கத்தினார். நான் மெதுவாக அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஓரடி முன்னால் போனாள்.

"எந்த இடத்துல குழப்புதுங்க ஐயா?"

கேட்க ஓர் ஆள் கிடைத்தால் விடுவாரா? முதல் திரையிலிருந்து ஆரம்பித்தார். அவளும் தலையை ஆட்டி ஆட்டி, "அப்புறம்? அங்க என்ன நெனச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ரயில் வந்தது, நின்றது, போயும்விட்டது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை. நான் அங்கிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.