இது வாட்ச் இல்லை, நகை

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உங்கள் மனசு அங்கேயே நிற்கும். அந்த ஒரு கைக்கடிகாரத்தின் விலைக்கு நல்ல ஸ்கூட்டர் மூன்று வாங்கலாம். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. பொருளில் குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம் தருகிறார்கள். அந்த வாட்சில் மட்டும் என்னால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சுவிஸ் கம்பெனி ஒன்று, நான் பிறப்பதற்கு முன்பே செய்வதை நிறுத்திவிட்ட ஒரு வாட்சை அதே அச்சில் திரும்பச் செய்து விற்க ஆரம்பித்திருந்தது. மறுபதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலேடு நிற டயல், மெலிந்த முட்கள், நடுவில் சற்றே மேடான கண்ணாடி, தினமும் சாவி கொடுக்க வேண்டிய இயந்திரம். இருட்டில் ஒளிரும் புள்ளிகள் வயசாகிப் பழுத்ததுபோல மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சளும் கம்பெனியே பூசியதுதான். அசல் பழைய வாட்ச் இதைவிட மலிவாகக்கூடக் கிடைக்கும், ஆனால் உள்ளே எது தேய்ந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பழசின் அழகு வேண்டும், பழசின் தொல்லை வேண்டாம். அந்தச் சௌகரியத்துக்குத்தான் இந்த விலை என்று தெரிந்தேதான் மயங்கினேன். போதாததற்கு, இப்போது ஆண்களுக்கு வரும் வாட்செல்லாம் சாப்பாட்டுத் தட்டு அளவில் இருக்கின்றன. அந்தக் காலத்து ஆண்கள் அளவு என் மணிக்கட்டுக்குக் கச்சிதம்.

என் கணவருக்குச் சித்தூரில் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் வேலை. திருப்பதி வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவார். போனில் படத்தைக் காட்டினேன்.

"மணி பாக்க இம்மாம் காசாமே?"

"மணி பாக்கவா வாங்கறாங்க? இது வாட்ச் இல்ல மாமா, நகை. நான் நெக்லஸ் கேட்டா வாங்கித் தருவ இல்ல?"

அவர் படத்தைப் பெரிதாக்கி அந்த மஞ்சள் புள்ளிகளைப் பார்த்தார். "மாங்காய கல்லு வெச்சிப் பழுக்க வெச்சா கேஸு போட்றாங்க. வாட்ச்ச பழுக்க வெச்சா மட்டும் லட்சக்கணக்குல குடுக்கறீங்க."

சிரித்துவிட்டேன். ஆனாலும் விடவில்லை. சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, அவர் கிரிக்கெட் பார்க்கும்போது என்று மாதக்கணக்கில் அதே பல்லவி: இது வாட்ச் இல்லை, நகை. கடைசியில் அவர் கை தூக்கிவிட்டார். "சரி தாயே, நகைதான். போய் வாங்கிக்கோ."

சென்னையில் வாங்கினேன். கையுறை போட்ட விற்பனையாளர் அதைத் தொட்டிலில் கிடத்துவதுபோலப் பெட்டியில் வைத்தார். நான் பெட்டியைப் பையில் போட்டுவிட்டு வாட்சைக் கையில் கட்டிக்கொண்டேன். வரும் வழியில் பஸ் ஜன்னல் வெயில் அந்த மேட்டுக் கண்ணாடியில் வழுக்கி வழுக்கி ஓடியது. நகரி மலை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் திருப்பதி மலைக்குப் போக வேண்டியிருந்தது. போன வருஷம் கணவர் டெங்கு வந்து படுத்தார். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பெருமாளுக்கு நிலுவு தோபிடி வேண்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பெரிய வேண்டுதல் அது. காரியம் நடந்தால், மலை ஏறும் அன்று உடம்பில் என்ன நகை இருக்கிறதோ அத்தனையையும் கழற்றி உண்டியலில் போட்டுவிட வேண்டும். அவர் எழுந்து நடமாடி, தரிசன டிக்கெட்டும் கிடைத்து, நாள் வந்துவிட்டது.

இதில் ஒரு குறுக்கு வழி எல்லாருக்கும் தெரியும். "மெலிசா ஒரு செயின் போட்டுக்கினு போ அண்ணி, சாமி வந்து எடை போட்டா பாக்கப் போறாரு?" என்றாள் நாத்தனார். நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் நின்ற அன்று போட்டிருந்த செயின், வளையல், தோடு, மோதிரம் அத்தனையையும் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திக் கிளம்பினேன். வாட்ச் கையோடு வந்தது. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

கோயில் வாசல் சோதனையில் காவலர் மணிக்கட்டைக் காட்டச் சொன்னார். "ஸ்மார்ட் வாச்சாம்மா?"

"காதண்டி," இல்லைங்க என்று தெலுங்கில் சொன்னேன்.

குனிந்து பார்த்தார். "பாத வாச்சேலே, போண்டி." பழைய வாட்ச்தானே, போங்கள் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அசல் பழசு என்றே நம்பிவிட்டார், கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்துவிட்டது. வரிசை முழுக்க அதையே கணவரிடம் சொல்லிக்கொண்டு போனேன்.

தரிசனம் முடிந்து உண்டியல் முன் நின்றோம். தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றியிருந்தேன். செயின் விழுந்தது. வளையல், தோடு, மோதிரம் எல்லாம் விழுந்தன. பாரம் இறங்கிய நிம்மதியில் கை கூப்பினேன். கூப்பிய கையில் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு முன்னால் அவர் அதைப் பார்த்துவிட்டார். "வா, போலாம். வாட்ச்சு நகைல சேராது."

"நகைன்னு நீதான மாமா ஒத்துக்கின?"

"நீ சொன்னியேன்னு ஒத்துக்கினேன். இப்ப நான் சொல்றேன், அது வாட்ச்சு. வாமே."

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவர் அதைச் சொன்னால் நான் தோற்றதாக அர்த்தம். அன்று அவர் எனக்காகத்தான் அதைச் சொன்னார். பின்னால் கூட்டம் நெருக்கியது. ஆசை எனக்கு இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் நிமிர்ந்து பார்த்தால், போன வருஷம் கட்டிலில் கண் திறக்காமல் கிடந்த மனுஷன் முன்னால் நின்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். வாரைக் கழற்றினேன். ஒரு தடவை காதில் வைத்துக் கேட்டேன். உண்டியலில் போட்டுவிட்டேன்.

 நினைத்ததைக் குறையில்லாமல் செய்துவிட்ட துள்ளல் வந்தது. லட்டு வாங்கி, ஒப்படைத்த போன்களைத் திரும்ப வாங்கி, கீழே இறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவர் ஆரம்பித்தார்.

"உண்டியல்ல வுழற வாட்ச்செல்லாம் ஏலத்துல வரும் இல்ல? உன்னுத பழசுன்னு நெனச்சி கும்பல்ல சேத்துடுவாங்க. கம்மி ரேட்டுக்குப் போவும். நான் பாத்துக்கினே இருக்கேன், எடுத்துடலாம்."

"எடுத்து, மறுபடி அதக் கட்டிக்கினு மலை ஏறுவேன், மறுபடி போடுவேன். வாணாம் மாமா. யாராவது பழைய வாட்ச்சுன்னு நெனச்சி வாங்கி, ஆசையா சாவி குடுக்கட்டும்."

பஸ் வளைவுகளில் திரும்பித் திரும்பி இறங்கியது. ஒரு வாரப் பழக்கம், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். வார் இருந்த தடம் மட்டும் இருந்தது.

"மணி இன்னா மாமா?"

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்துச் சொன்னார். மணி என்ன என்பது இப்போது ஞாபகம் இல்லை. சொல்வதற்குப் பக்கத்து இருக்கையில் அவர் இருந்தார்.