தோளுக்குள் வைத்ததை எடுத்துவிடும் என்று செபித்தேன்

சோளகக் காற்று வீசும் காலத்தில் ஒரு காலை, படகைக் கரைக்கு ஏற்றும்போது என் வலது தோளுக்குள் ஏதோ கிழிந்தது. அன்றிலிருந்து சேட்டுப் போடவும் என் மனைவி ரீற்றாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. சகோதர சகோதரிகளே, நான் முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்கிறவன். கடலை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. கை போனால் நான் போனேன்.

வவுனியாவில் பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். தசைநார் முழுதாகக் கிழிந்து, நைந்துபோய்க் கிடக்கிறது என்றார்கள். வெறுமனே தைத்தால் நிற்காதாம். செயற்கை இழையில் நெய்த சிறு துண்டு ஒன்றை வைத்துத்தான் எலும்போடு இணைக்க வேண்டுமாம். கிறிஸ்மசுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் ஒப்பரேஷன் நடந்தது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் தோள் வீங்கியது. தொட்டால் சுட்டது. பார்க்க வந்த என் கூட்டாளி அலோசியஸ், கதிரையில் உட்காரும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"திருக்கை முள்ளு ஒரு துண்டு உள்ளுக்க கிடந்தாலே உடம்பு விடாது. சீழ் வைச்சு வெளியில தள்ளும். உனக்கு நைலோனைப் போட்டுத் தைச்சிருக்கினம். விடுமே?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எத்தனை முள்ளைக் கண்டவர்கள் நாங்கள்! முள் குத்தினால் எங்கள் கரையில் என்ன செய்வோமோ அதையே ரீற்றா செய்தாள். உப்பை வறுத்துத் துணியில் கட்டித் தோளில் ஒற்றினாள். ஒப்பரேஷனுக்குப் பிறகு அந்த இடம் மரத்துக் கிடந்ததால் சுட்டது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் தோல் கொப்பளித்து நீர் வடிந்தது. ரீற்றா அதைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதாள்.

அந்த நாட்களில் என் செபம் ஒன்றே ஒன்று. 'ஆண்டவரே, உள்ளே வைத்ததை எடுத்துவிடும்.' செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் இதையே கேட்டேன். பதில் இல்லை. அவரோடு கோபித்துக்கொண்டு இரண்டு ஞாயிறு பூசைக்கும் போகாமல் கிடந்தேன்.

திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனபோது டொக்டர் கொப்பளத்தைப் பார்த்தார். "ஆர் ஐயா உங்களுக்கு இதைச் செய்யச் சொன்னது?" என்றார். அந்த டொக்டர்ப் பிள்ளைக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். ஆனாலும் பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

"இது முள்ளு இல்லை ஐயா. உடம்பு புதுச் சாமானைக் கண்டால் முதல்ல சண்டை பிடிக்கும். அதுதான் வீக்கம். பிறகு அதைச் சுத்திச் சதை வளரும், அந்த நெசவின்ர ஓட்டையளுக்குள்ளாலயும் வளரும். அப்பதான் அது உங்கட தோளாகும். ஆனால் கிருமி பூந்திருந்தால் கதை வேற. எடுக்கத்தான் வேணும்."

"எடுத்தால் கை சுகமாகுமே?"

"இல்லை ஐயா. பிறகு தைக்கிறதுக்கு அங்க நல்ல தசையே மிச்சமிராது."

இவ்வளவு நாளும் அழுது அழுது எதைக் கேட்டேன்? என் கையையே அல்லவா பறித்துவிடும்படி கேட்டிருக்கிறேன்!

தோளிலிருந்து ஊசியால் நீர் எடுத்துச் சோதிக்க அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வார்டில் கிடந்தேன். பயத்தில் அருள்நிறைந்த மரியே என்று தொடங்கினால் பாதியில் வார்த்தை மறந்துபோகும். கடைசியில் இடது கையைத் தோளின்மேல் வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, என் சதைக்குப் புத்தி சொல்லும். அந்தத் துண்டோடு சமாதானமாக இருக்கச் சொல்லும்" என்றேன். வேறு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை. தோள் வீங்கிய பிறகு முதல்முறையாக அன்று நன்றாகத் தூங்கினேன்.

கிருமி இல்லை என்று முடிவு வந்தது. ரீற்றா அந்த இடத்திலேயே முழந்தாளிட்டாள். வெந்த தோல் மெல்ல ஆறியது, வீக்கமும் வற்றியது. உயிர்ப்புத் திருவிழா முடிந்து ஸ்கேன் எடுத்தபோது, "நல்லாப் பிடிச்சிட்டுது ஐயா" என்று டொக்டர் சிரித்தார். சதை வளர்ந்து துண்டைப் பற்றிக்கொண்டதாம்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். கை தலைக்கு மேலே எழும்பாது. மழைக்குளிருக்குத் தோள் உளைகிறது. படகு ஏற்றுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்கும்போது மனமும் உளைகிறது. இப்போது கடலுக்குப் பதில் அலையில்லாத களப்பு நீரில் இறாலுக்குப் போகிறேன், வீட்டில் அடுப்பு எரிகிறது. ஞாயிறு பூசையைத் தவறவிடுவதில்லை.

உங்களில் யாராவது கேட்டது கிடைக்கவில்லை என்று ஆண்டவரோடு கோபமாக இருக்கலாம். கோபியுங்கள், அழுங்கள், ஆனால் அவரை விட்டுப் போய்விடாதீர்கள். நான் கேட்டதை அவர் உடனே தந்திருந்தால் என் கதி என்ன?

போன மாதம் என் மகளின் குழந்தைக்கு ஞானஸ்நானம். "அப்பா, பிடியுங்கோ" என்று மகள் குழந்தையை நீட்டினாள். எனக்குப் பயம். ஆனாலும் வலது கை பிடித்தது. சாமியார் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை, என் பேத்தி என் கையில்தான் இருந்தாள்.