அப்பா வீடு திரும்பும் காட்சி

பதினோராம் வகுப்பில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு நாடகம் எழுதினோம். தாம்பரத்தில் பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளி. எண்பதுகளின் கடைசி. ஆண்டு விழாவுக்கு வகுப்புக்கு ஒரு நாடகம். சாலைப் பாதுகாப்போ ரயில் பாதுகாப்போ பொருளாக இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

ரயில் வேண்டாம் என்று மூன்று பேரும் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்திருந்தோம். நான்காமவளின் அப்பா முந்தைய மழைக்காலத்தில் இறந்துபோயிருந்தார். கிண்டியில் வேலை முடித்து பஸ்ஸில் வந்து இறங்கி, அஸ்தினாபுரம் வீட்டுக்குப் போகத் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தபோது மின்சார ரயில் அடித்துவிட்டது.

சாலையை வைத்து என்ன எழுதலாம் என்று நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள். “ரயிலே எழுதலாம்டி. எங்கப்பாவ வெச்சு எழுதலாம்.”

மதிய இடைவேளையில், சாப்பாட்டு டப்பாவை மூடியதும் எழுத உட்காருவோம். அவள் பேனாவைத் தொடவில்லை. அவள் சொல்லச் சொல்ல, கையெழுத்து நன்றாக இருந்த தோழி எழுதினாள். காலையில் அப்பா சட்டைக்கு இஸ்திரி போடுவது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதி டீயோடு ஓடுவது, எல்லாம் அவள் தந்தது. கம்பெனி காட்சியில் வரும் மேலாளரை நான் எழுதினேன். அவரை வைத்துத்தான் நாடகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. கடைசிக் காட்சிக்கு வந்தபோது எல்லோரும் நின்றுவிட்டோம்.

“அப்பா சாவ மாட்டாரு,” என்றாள். “ஸ்டேஷன் படி ஏறி, பாலத்து மேல சுத்திக்கிட்டு வருவாரு. லேட்டாயிடும். அம்மா திட்டுவாங்க. அவ்ளோதான்.”

எழுதிக்கொண்டிருந்தவளுக்கு இது பிடிக்கவில்லை. விபத்து இல்லாமல் ரயில் பாதுகாப்பு எப்படி வரும் என்று கேட்டாள். தமிழ் டீச்சரிடம் கொண்டுபோனோம். அவரும் படித்துவிட்டு அதையேதான் கேட்டார்.

“முடிவு சப்புன்னு இருக்கேம்மா. அடிபடறதக் காட்டினாத்தானே பாக்கறவங்களுக்குப் பயம் வரும்?”

“அத நான் பாத்துட்டேன் டீச்சர். மேடையில வேற பாக்க வேணாம்.”

டீச்சருக்கு அவள் அப்பா விஷயம் தெரியாது என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு தாள்களை அடுக்கி அவள் கையிலேயே கொடுத்து, “இப்படியே போடுங்க,” என்றார்.

கட்டைக் குரல் என்பதால் அப்பா வேடம் எனக்கு. எழுதியவளுக்கு அம்மா வேடம். மற்றொருத்தி மேலாளர். அப்பாவை இழந்தவள் மட்டும் நடிக்க மாட்டேன் என்றாள். பிளாட்பாரத்தில் நின்று பதிவு செய்து வந்த ரயில் சத்தத்தை டேப் ரிக்கார்டரில் போடுவதை மட்டும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

விழாவன்று திரைக்குப் பக்கத்தில் அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ரயில் போய்த் தேய்ந்து அடங்கும்வரை பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. சத்தம் நின்றதும் நான் உள்ளே வந்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அம்மா திட்டினாள். கூட்டம் லேசாகச் சிரித்தது. பரிசு எங்களுக்கு இல்லை; குங்குமத் தண்ணீரை ரத்தமாகக் கொட்டிய வேறு வகுப்புக்குப் போனது.

வேடம் கலைக்கிற வகுப்பறைக்கு அவள் அம்மா வந்தார். நான் இன்னும் அண்ணனின் பேண்ட் சட்டையில்தான் இருந்தேன். நேராக என்னிடம் வந்து நின்றார்.

“அவரு அப்டி ஓரமா வெக்க மாட்டாரும்மா. வாசல்லயே உதறிட்டு வருவாரு. ஒண்ணு அங்க போவும், ஒண்ணு இங்க போவும்.”

“வாம்மா, வூட்டுக்குப் போலாம்,” என்று அவள் தன் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“இரு. இன்னொரு தபா வந்து காட்டுமா.”

அவளைப் பார்த்தேன். அவள் சரியென்று தலையை அசைத்தாள். வெளியே போய், கதவருகே செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தேன். ஒன்று பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது. அம்மா வேடம் போட்டவள் தன் வசனத்தைச் சொல்வதா வேண்டாமா என்று விழித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அந்த அம்மாவே கேட்டார்.

“இன்னா இவ்ளோ நேரம்? சோறு ஆறிப்போச்சு.”

“பாலத்து மேல சுத்திக்கிட்டு வந்தேன்,” என்றேன். நாடகத்தில் இருந்த வசனம்தான்.

“அப்டியே வா,” என்றார். “லேட்டானாலும் அப்டியே வா.”

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் மூவரும் வராந்தாவுக்குப் போய், வேறு யாரும் உள்ளே போகாமல் கதவை அடைத்து நின்றோம்.

காரியம் முடிந்த நாளிலிருந்து வீட்டில் அப்பாவைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை என்று பின்னால் அவள் சொன்னாள். படத்தை மாட்டக்கூட விடவில்லையாம். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தாராம். நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அப்பாவின் கோபம், வெற்றிலை, மாமனாரோடு போட்ட சண்டை என்று ஏதாவது ஒன்று வரும். வருத்தமாகச் சொல்ல ஆரம்பித்துச் சில சமயம் சிரித்தும்விடுவார்.

தொண்ணூறுகளில் கூடுவாஞ்சேரியில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் மூவரும் போயிருந்தோம். ஹாலில் அப்பாவின் படம் மாட்டி, மல்லிகைச் சரம் போட்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தது அன்றுதான். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனா. படம் எடுக்கும்போதும் எங்கோ கிளம்புகிற அவசரத்தில் இருந்தவர் போலத் தெரிந்தார்.